முன் ஸ்பிரிங் குனிய வேண்டும்

ஏப்ரல் 9, வெள்ளி

வெயில். காற்று அறவே இல்லை. பல்வலி, இடது பக்கம்.

எழுதத் தாள் கிடைக்காததால் துரை விட்டுப்போன 1937ஆம் வருட டைரியில் எழுதுகிறேன். கிழமைகள் இந்த வருடத்துக்கு அச்சாகப் பொருந்துகின்றன. ஊரில் இப்போது 1943 என்று எழுதக் கூடாதாம், ஜப்பான் கணக்கில் 2603 என்றுதான் எழுத வேண்டுமாம். மணியும் டோக்கியோ மணி. கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்திருக்கிறோம். ஆறரைக்கு எழுந்தால் வெளியே ஐந்து மணி இருட்டு. சூரியனுக்கு மட்டும் இன்னும் உத்தரவு போகவில்லை.

துரையின் பந்தயக் கார் திரும்பி வந்துவிட்டது! காஹாங் பக்கம் ரப்பர் தோட்டத்து மேனேஜர் அவர். ஜொகூர் பாரு பந்தயத்தில் ஓட்டுவதற்காக அவரும் நானும் ஒரு பழைய காரை வெட்டி, ஒட்டி, இரண்டு வருடம் உழைத்துச் செய்த வண்டி. சண்டை வந்ததும் அவர் சிங்கப்பூருக்கு ஓடினார். நான் காரைப் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுகளுக்கு அடியில் மறைத்துவிட்டு, இங்கே பத்து பாகாட்டில் பட்டாளத்து மோட்டார் கொட்டகையில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். போன வாரம் எவனோ காட்டிக்கொடுத்திருக்கிறான். இன்று இழுத்து வந்தார்கள். நான் முன்பின் பார்த்திராதவன் போல ஒருமுறை சுற்றி வந்தேன். கண் கலங்கிவிட்டது. பல்வலி என்றேன்.

கொட்டகைக்குப் பொறுப்பு ஒரு ஜப்பான் கேப்டன். பெயர் எழுத மாட்டேன். 'பெ.' போதும், பெரியவர். மாலையில் அவரே ஓட்டிப் பார்த்தார். காவல் முனையில் நிற்கும் சிப்பாய்க்கு முன்னால் பிரேக் போட்டார். எந்தக் காரும் செய்வதைத்தான் இதுவும் செய்தது. மூக்கு தாழ்ந்தது. வளைவில் ஒரு பக்கம் சாய்ந்தது.

பெ. முகம் சிவந்துவிட்டது. மொழிபெயர்ப்புக் குமாஸ்தா நடேசனைக் கூப்பிட்டுக் கத்தினார். நடேசன் (இனி ந.) என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னான்:

"அண்ணே, ஆபீசர் காடி போயும் போயும் ஒரு சோல்ஜருக்குத் தலை குனியுதாம். அவருக்கு ரொம்ப அவமானமாம். முன்பக்கம் குனியவே கூடாதாம் லா."

ஊரெல்லாம் குனிகிறது. காரையாவது விட்டுவைக்கலாம் என்று நினைத்தேன். தப்பு.

ஏப்ரல் 10, சனி

லாரி ஸ்பிரிங்கில் இருந்து இரண்டு இரும்புப் பட்டை எடுத்து முன் ஸ்பிரிங்கில் சேர்த்தேன். மேலே கயிறு சுற்றி இறுக்கினேன். கட்டில் கால் மாதிரி விறைத்துவிட்டது. தப்பு என்று எனக்குத் தெரியும். ந.விடம் சொன்னேன்:

"முன்பக்கத்த இறுக்குனா வளைவுல திரும்பாதுன்னு சொல்லு தம்பி."

"அண்ணே, 'முடியாது', 'கூடாது', 'ஆகாது', இந்த மூணையும் நான் படிக்கவே இல்ல. நைட் கிளாஸ்ல அந்தப் பாடம் வரும்போது நான் லீவு."

பொய். படித்திருக்கிறான். சொல்லப் பயம். நானும் அவன் இடத்தில் இருந்தால் லீவுதான்.

சோதனை ஓட்டம். திடலில் இருந்து கடைத்தெரு வழியாகப் படகுத்துறை முனை, அங்கே இடது பக்கம் திரும்பி ஆற்றங்கரையோடு போய் மறுபடி திடல். பெ. படகுத்துறை முனையில் ஸ்டியரிங்கைத் திருப்பினார். சக்கரம் திரும்பியது. கார் திரும்பவில்லை. நேரே போய்ப் பலகைப் பாலத்தின் மேல் ஏறி, ஒரு மீன் கூடையைத் தள்ளிக்கொண்டு, தண்ணீருக்கு மூன்று அடி முன்னால் நின்றது. மீன்காரர் உட்பட எல்லாரும் குனிந்து வணக்கம் செய்தார்கள்.

பெ. இறங்கிச் சொன்னது (ந. மூலம்): போதுமான இறுக்கம் இல்லை. இன்னும் இறுக்கு.

பிறகு ஆற்றைக் காட்டி ஏதோ சொன்னார்.

"என்னாடா சொல்றாரு?"

"இருபத்தொம்பதாந் தேதி சக்கரவர்த்தி பொறந்த நாளு. அன்னைக்கு ரேஸாம். குளுவாங் விமானத் திடல் ஆபீசரோட பந்தயம் கட்டிட்டாராம். காடி இங்க நேரா போச்சுன்னா..." ந. என் பக்கம் திரும்பினான். "நீங்களும் நேரா போவணுமாம். சயாமுக்கு."

சயாம் ரயில் பாதை வேலை. தோட்டங்களில் இருந்து ஆள் பிடிக்கிறார்கள். போனவர்களிடம் இருந்து ஒரு கடிதம் இல்லை.

மீன்காரருக்கு இரண்டு கெளுத்தி மிச்சம். ஒன்றை எனக்குக் கொடுத்தார். பாவப்பட்டிருப்பார்.

ஏப்ரல் 12, திங்கள்

மழை, பிறகு வெயில். பல் பரவாயில்லை.

இன்னும் இறுக்கினேன். இன்னும் நேராகப் போனது. இன்னும் இறுக்கச் சொன்னார். இப்படியே போனால் இருபத்தொன்பதாம் தேதிக்குள் காருக்கு வளைவு என்பதே மறந்துவிடும்.

வேறு சங்கடம் ஒன்று. முனையில் நின்று முன் சக்கரங்கள் என்ன செய்கின்றன என்று பார்த்தால்தானே வைத்தியம் பார்க்க முடியும்? கார் வரும்போது அதற்குள் இருப்பவர் அதிகாரி. அதிகாரி கடந்து போகும்போது தலை குனிந்து நிற்க வேண்டும். நிமிர்ந்தால் அறை. ஆக, கார் வளைவில் இருக்கிற சரியான நேரத்தில் நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்று நாளாக அந்த விரலைத்தான் ஆராய்ச்சி செய்கிறேன். நகம் வெட்ட வேண்டும்.

ஏப்ரல் 13, செவ்வாய்

தேவை:
சாக்கட்டி (பள்ளிக்கூடத்தில் கேட்க)
ஸ்பிரிங் துள்ளாமல் பிடிக்கும் தட்டுக்குத் தோல். பழையதை எலி தின்றுவிட்டது
டயர். சுற்றிலும் ரப்பர் மரம், ஒரு டயர் இல்லை. இருப்பது நான்கும் மொட்டை
உப்பு (ரெ. சொன்னாள்)

ரெ. என்பது ரெஜினா. என் மனைவி. பதினோரு வருடமாக.

நான்கு டயர் ஓரங்களிலும் சாக்கட்டியால் வெள்ளை அடித்தேன். பெ. கேட்டதற்கு அழகுக்கு என்றேன். ந. அதை மட்டும் சரளமாக மொழிபெயர்த்தான்.

ஓட்டம் முடிந்து பார்த்தேன். முன்னால், வளைவுக்கு வெளிப்பக்கம் வரும் வலது டயரில் சாக்கட்டி பக்கச் சுவர் வரை தேய்ந்து போயிருக்கிறது. உள்பக்க டயரில் அடித்தது அடித்தபடி. அவன் வளைவில் வேலையே செய்யவில்லை, சும்மா சவாரி போயிருக்கிறான்.

ஏப்ரல் 14, புதன்

ந. வீட்டில் வருடப் பிறப்பு. நேற்றா இன்றா என்று அவர்களுக்கே சந்தேகம். டோக்கியோ மணியில் பஞ்சாங்கமும் குழம்பிவிட்டது. மரவள்ளிப் பாயசம் ஒரு டம்ளர். பல் மறுபடி.

இன்று கண்டுபிடித்தேன்! குனிவதை இன்னும் நன்றாகக் குனிந்தால், அதாவது இடுப்பு வரை மடிந்து, தலை முழங்காலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால், கண் சரியாக முன் அச்சின் உயரத்துக்கு வருகிறது. காருக்கு அடியில் எல்லாம் தெரிகிறது. பார்த்தேன். வளைவில் உள்பக்க முன் சக்கரம் தரையில் படாமல் அந்தரத்தில் இருக்கிறது. இரண்டு அங்குல உயரம்.

மூன்று ஓட்டம், மூன்று குனிதல். கார் போன பிறகும் அச்சை யோசித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

ஏப்ரல் 15, வியாழன்

கெட்ட காலம். பெ. என் குனிதலைக் கவனித்திருக்கிறார். ஊரிலேயே மிகத் தாழ்வாகவும் மிக நீளமாகவும் குனிகிறவன் நான்தானாம். காலையில் ஊரே செய்தாக வேண்டிய உடற்பயிற்சி முடிந்ததும் கடைத்தெரு முழுவதையும் வரிசையில் நிறுத்தி, என்னை ஒரு பெட்டி மேல் ஏற்றி, குனிந்து காட்டச் சொன்னார். காட்டினேன். கீழிருந்து ஒரு குரல்: "இந்த அந்தோணி எப்பல இருந்து இப்பிடி ஆனான்?"

வீட்டுக்கு வந்தால் ரெ. முகம் கொடுக்கவில்லை.

"வெக்கமா இல்ல ஒங்களுக்கு? கோயில்ல நடுப்பூசை நேரத்துலகூட முட்டி வலிக்குதுன்னு ஒக்காருவீங்க. அங்க ரெண்டா மடியிறீங்க?"

"நான் அச்ச பாக்குறேன்டி."

"என்னாத்த பாத்தீங்களோ. மார்க்கெட்ல என்னை 'பெட்டி மேல நிக்கிறவர் வீட்டு அம்மா'ன்னு கூப்புடுறாங்க."

எனக்குக் கோபம் வந்தது. நியாயம் அவள் பக்கம் இருந்ததால் இன்னும் அதிகமாக வந்தது.

ஏப்ரல் 18, குருத்து ஞாயிறு

மேகம். பூசைக்குப் போனோம். தவக்காலம் என்று சாமியார் ஒறுத்தல் பற்றிப் பேசினார். இறைச்சியை ஒறுக்க வேண்டுமாம். ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மரவள்ளிக் கிழங்கைத் தவிர ஒறுக்க என்ன இருக்கிறது?

மத்தியானம் ரெ. சமாதானம். "அந்தக் காடி ஏன்தான் திரும்ப மாட்டேங்குது?" என்று அவளே கேட்டாள். அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். மாதா சப்பரத்தை நாலு பேர் தூக்குகிறார்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. திரும்பும்போது சப்பரம் ஒரு பக்கம் சாயப் பார்க்கும். முன்னால் இருப்பவர்கள் தோளைத் தளர்த்திக் கொடுக்காமல் விறைப்பாக நின்றால், சாய்கிற பாரம் முழுவதையும் முன்னால் வெளிப்பக்கம் இருப்பவன் வாங்க வேண்டும். உள்பக்கத்துக்காரன் கையை வீசிக்கொண்டு நடப்பான். டயருக்கு ஒரு குணம். இரட்டைப் பாரம் கொடுத்தால் பிடி இரட்டிப்பாகாது. கொஞ்சம் குறைவாகத்தான் கூடும். அதனால் ஒருவன் இரண்டு பேர் பாரத்தைத் தூக்கினால் முன்பக்கத்து மொத்தப் பிடி குறைந்துபோகும். பிடி குறைந்தால் சக்கரத்தை எவ்வளவு திருப்பினாலும் வழுக்கிக்கொண்டு நேரே போகும். முன்பக்கம் தளர்வாக, மரியாதையாகக் குனிந்து கொடுத்தால்தான் இரண்டு சக்கரமும் சாலையைக் கவ்வும்.

"அப்ப முன்பக்கத்த லூசா விடுங்க."

"விட்டா சாயும். சாஞ்சா அந்தாளு கத்துவான்."

ரெ. கிழங்குத் தோலை உரித்துக்கொண்டே சொன்னாள்: "பின்னாடி தூக்குற ரெண்டு பேரு சும்மாதானே வர்றாங்க? அவங்கள வெறைப்பா நிக்கச் சொல்லுங்களேன். சாயாம அவங்க பாத்துக்குவாங்க."

நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். பின் ஸ்பிரிங்கை இறுக்கினால் கார் சாய்வதும் குறையும், முன்பக்கத்துப் பாரமும் குறையும். திரும்பி வந்து, இதை நான் ஏற்கனவே யோசித்து வைத்திருந்தேன் என்றேன்.

(யோசிக்கவில்லை.)

ஏப்ரல் 19, திங்கள்

முன்பக்கம்: லாரிப் பட்டை இரண்டையும் எடுத்துவிட்டேன். பழைய கயிற்றை அவிழ்த்து, காய்ந்த ரோத்தான் பிரம்பால் வெளிப்பார்வைக்கு அடர்த்தியாகச் சுற்றினேன். சுற்றுக்குள் இரண்டு விரல் தாராளமாகப் போகும். வெறும் வேஷம்.

பின்பக்கம்: ரோத்தானை நேற்றிலிருந்து தொட்டியில் ஊறப் போட்டிருந்தேன். ஊறிய பிரம்பை இழுத்து இழுத்துக் கட்டிக் காயவிட்டால் சுருங்கி இரும்புப் பூண் போலப் பிடிக்கும். இங்கே தூண்டில்காரர்களும் கூடைக்காரர்களும் கட்டுகிற கட்டு அதுதான். மாலைக்குள் காய்ந்து இறுகிவிட்டது. தட்டினால் டங் என்கிறது.

பெ. வந்து பார்த்தார். முன்னால் பிரம்பு, பின்னால் பிரம்பு. தலையசைத்தார். குனிந்து விரல் விட்டுப் பார்க்கவில்லை. அவர் குனிவதில்லையே.

ஏப்ரல் 20, செவ்வாய்

திரும்பியது!!

படகுத்துறை முனையில் தண்டவாளத்தில் போகிற மாதிரி திரும்பியது. சாயவில்லை. பிரேக்கில் மூக்கு கொஞ்சம் தாழ்ந்தது, வேகத்தின் சந்தோஷத்தில் பெ. கவனிக்கவில்லை. வளைவு முடிகிற இடத்தில் பின்பக்கம் லேசாக வெளியே போய் மறுபடி வந்தது. அது இருக்கட்டும், அழகுதான். சாக்கட்டி: முன்னால் இரண்டு டயரிலும் தேய்மானம், ஏறக்குறைய சமம். சோம்பேறி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டான்.

துரை பார்த்திருந்தால் ஒரு பாட்டில் உடைத்திருப்பார். சிங்கப்பூரில் எந்தச் சிறையில் இருக்கிறாரோ.

பெ. என் தோளில் தட்டினார். ந. மொழிபெயர்த்தான்: "பாத்தியா, முன்பக்கத்த இறுக்குனா எல்லாம் சரியாவும்னு நான் அப்பவே சொன்னேன்னு சொல்றாரு."

நான் குனிந்தேன். சிரிப்பை மறைக்க.

ஏப்ரல் 23, பெரிய வெள்ளி

கஞ்சிகூட இல்லாத ஒருசந்தி நோன்பு. கோயிலில் நிறைய அழுகை, பாதி ஆண்டவருக்காக, பாதி சயாம் போனவர்களுக்காக.

திரும்பும் வழியில் ந. என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, லிஸ்ட்ட பாத்தேன். அடுத்த மாசம் போற ஆளுங்க லிஸ்ட்டு. ஒங்க பேரு இருக்கு. பென்சில்ல."

"பென்சில்னா?"

"ரேஸ்ல ஜெயிச்சா ரப்பர் போட்டு அழிப்பாரு. தோத்தா மை வச்சு எழுதுவாரு. நேரா போச்சோ, வளைஞ்சு போச்சோ, அதெல்லாம் இல்ல. ஜெயிக்கணும்."

ரெ.யிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. சாப்பாடு இல்லாத நாளில் சாப்பிடாததற்குக் காரணம் கேட்டாள் என்றால் முகத்தில் எழுதியிருந்திருக்கும். சொன்னேன். அவள் திட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. என் சட்டையில் பித்தான் தைத்தாள், எல்லாப் பித்தானும் இருந்த சட்டையில்.

எனக்குப் பயம். எழுதி வைக்கிறேன். நாற்பத்திரண்டு வயதில் அழுதேன்.

ஏப்ரல் 25, உயிர்ப்பு ஞாயிறு

மரவள்ளி மாவில் கேக். செங்கல் பதம். தின்றோம். பல் போயே போய்விட்டது. நிம்மதி.

குளுவாங் அதிகாரியின் காரைத் திடலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். பெரிய அமெரிக்கக் கார், எஞ்சின் நம்முடையதைவிட இரண்டு மடங்கு. நேர்ச் சாலையில் நம்மைத் தின்றுவிடும். முன் ஸ்பிரிங்கை எட்டிப் பார்த்தேன். கயிறு! அவரும் இறுக்கியிருக்கிறார். பெ. தம்பட்டம் அடித்திருப்பார், அவர் காப்பியடித்திருப்பார். மனம் கொஞ்சம் லேசானது.

ஏப்ரல் 28, புதன்

எல்லாம் தயார். எண்ணெய், பிரேக், சாக்கட்டி. பின் பிரம்பைத் தட்டினேன். டங். பந்தயம் நாளை மதியம் பன்னிரண்டுக்கு, மூன்று சுற்று. ரெ. சீக்கிரம் படுத்துவிட்டாள். தூங்கவில்லை என்று மூச்சில் தெரிகிறது.

ஏப்ரல் 29, வியாழன்

ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் கொட்டகைக்குப் போனேன். கார் பளபளவென்று இருந்தது. சக்கரவர்த்தியின் பிறந்த நாள் என்று சிப்பாய்கள் அதிகாலையில் எழுந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள். அடியிலும். அக்கறையாக. பின் பிரம்பைத் தட்டினேன். தொப் என்றது. ஊறி, தளர்ந்து, விரல் உள்ளே போகிறது. முன்பக்கம்தான் ஏற்கனவே தளர்வு. இப்போது நாலு பேரும் தோளைத் தொங்கப்போட்டுவிட்டார்கள். இந்த நிலையில் கார் முதல் வளைவிலேயே படகு மாதிரி சாயும். பெ. சீட்டில் இருந்து விழாவிட்டால் அதிசயம்.

வெயிலில் நிறுத்தினால் மதியத்துக்குள் காயும். ஆனால் பந்தயம் டோக்கியோ மதியம். நம் சூரியனுக்கு அப்போது பத்தரை. ஒன்றரை மணி வெயிலைத் திருடிவிட்டார்கள். வானத்தில் மேகம் வேறு.

ந. என் வீட்டுக்கு ஓடினான். கால் மணியில் ரெ. வந்தாள், கையில் கரி இஸ்திரிப் பெட்டி. தணல் கனன்றுகொண்டிருந்தது. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு காருக்கு அடியில் படுத்தாள்.

"எந்தப் பக்கம்?"

"பின்னால ரெண்டும். பைய. பத்தவச்சிராத."

நான் விசிறினேன், அவள் ஸ்பிரிங்கை இஸ்திரி போட்டாள். நீராவி எழும்பியது. காவல் சிப்பாய் துப்பாக்கியோடு வந்து நின்றான். நான் விசிறுவதை நிறுத்தினேன். ந. வாழ்க்கையில் முதல்முறையாகத் தைரியமாக எதையோ சொன்னான். சிப்பாய் நேராக நின்று, காரைப் பார்த்து விறைப்பாக வணக்கம் வைத்துவிட்டுப் போனான்.

"என்னாடா சொன்ன?"

"இன்னைக்கு நல்ல நாளு, இந்த ஊர் ஜனங்க ஸ்பிரிங்கக்கூட தேச்சு மடிப்பெடுத்துத்தான் போடுவாங்கன்னேன்."

வலது பக்கம் டங். இடது பக்கம் ஏறக்குறைய டங். கொடி அசைக்கிற நேரம் வந்துவிட்டது.

முதல் சுற்று: பெரிய கார் முன்னால், நேர்ச் சாலையில் பறந்தது. நான் முனையில். குனிந்தேன், அச்சு உயரத்துக்கு. குளுவாங் அதிகாரி வளைவுக்கு முன்பே வேகத்தை வெகுவாகக் குறைத்துத்தான் திரும்பினார். நம் ஆள் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டார். முன் சக்கரம் இரண்டும் தரையில். என்னையறியாமல் "பிடி, பிடி" என்று கத்தினேன். தலை குனிந்தபடிதான்.

இரண்டாவது சுற்று: அதே கதை. வளைவில் நெருங்குகிறார், நேர்ச் சாலையில் விட்டுவிடுகிறார். இப்படியே முடிந்தால் நான் சயாமில்.

மூன்றாவது சுற்று: நம் ஆள் இம்முறை வளைவுக்கு முன்னாலேயே ஒட்டிவிட்டார். ஹார்ன் அடித்தார். அதிகாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. குறைக்க வேண்டிய இடத்தில் வேகத்தைக் குறைக்கவில்லை. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினார். முன் சக்கரம் இரண்டும் இடது பக்கம் பார்த்தன. கார் நேரே போனது. பலகைப் பாலம், விளிம்பு, பிறகு சத்தம். தண்ணீர் வற்றிய நேரம் என்பதால் வெறும் சேறு. அதன் நடுவே கார் நிமிர்ந்து உட்கார்ந்தது. அவரும் உள்ளே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், வாளைச் செங்குத்தாகப் பிடித்தபடி, மார்பு வரை சேறு.

நம் கார் பின்பக்கம் லேசாக வெளியே போய், சுதாரித்து, திரும்பிப் போய்விட்டது. இடது பக்கப் பிரம்பு கொஞ்சம் ஈரம், அதனால்தான். ஆனால் போனது. ஜெயித்தது.

சேற்றில் இருந்தாலும் அதிகாரி அதிகாரிதானே. கரை முழுக்க, சீனர், மலாய்க்காரர், நம்மவர், அத்தனை பேரும் ஒழுங்காகக் குனிந்து நின்றார்கள். வெகுநேரம். தோள்கள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. மீன்காரர் நிமிரவே மாட்டேன் என்கிறார், கண்ணில் தண்ணீர். இவ்வளவு சந்தோஷமாக இந்த ஊர் குனிந்து நான் பார்த்ததில்லை.

ரெ. தூரத்தில் இஸ்திரிப் பெட்டியோடு நின்றாள். முகமெல்லாம் கரி. அவள் மட்டும் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 30, வெள்ளி

பெ. மேடையில் நின்று பேசினார். முன்பக்கம் தலை குனியாத காரே வெல்லும் என்று நிரூபணம் ஆகிவிட்டதாம். என்னைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் கேட்டார், முன் ஸ்பிரிங்கை இறுக்கியதால்தானே? ந. என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஹாய்" என்றேன். அவர்கள் மொழியில் ஆமாம்.

பென்சில் பெயர் அழிந்தது. ந. கண்ணால் பார்த்தானாம், ரப்பர் போட்டு ஊதியதை. ரெ.யைத் தூக்கிச் சுற்றினேன். முதுகு பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் ந. மறுபடி வந்தான். பெ.யின் புது உத்தரவு: கொட்டகையில் உள்ள பதினாறு லாரிக்கும் அதே மாதிரி முன் ஸ்பிரிங்கைப் பிரம்பால் இறுக்கிக் கட்ட வேண்டும். பின்பக்கம் வேண்டாம். தலை குனியாத பட்டாளம். கட்டும் வேலைக்குத்தான் என்னைச் சயாமுக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறார்.

அழிந்த பெயருக்குப் பதிலாக ஒரு பெயர் எழுதியிருப்பார்கள். எண்ணிக்கை குறையக்கூடாதே. யார் என்று ந. சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

மே 3, திங்கள்

வெயில். நல்ல காய்ச்சல் வெயில்.

லாரிகள் வரிசையாக நிற்கின்றன. ந.விடம் எந்த லாரி எதற்கு என்று கேட்டேன்.

"ஏன்ணே?"

"கட்டுறதுக்குத்தான்."

எண்ணி எண்ணிச் சொன்னான். நான்கு லாரி தோட்டத்து ஆட்களைக் குளுவாங் ரயிலடிக்கு ஏற்றிப் போக. மற்றப் பன்னிரண்டு பட்டாளத்து அரிசிக்கும் சிமெண்டுக்கும் சிப்பாய்களுக்கும்.

அந்த நான்கை என்னால் நிறுத்த முடியாது. போகிற வழியில் வளைவுகள் அதிகம், அதை மட்டும்தான் என்னால் பார்த்துக்கொள்ள முடியும். நான்குக்கும் முன்பக்கம் காய்ந்த பிரம்பு, உள்ளே இரண்டு விரல். பன்னிரண்டுக்கும் பெ.யின் உத்தரவு, அப்படியே, இம்மியும் பிசகாமல், இரண்டு பட்டை கூடுதலாக.

ரெ. தொட்டியடியில் உட்கார்ந்து பிரம்பை ஊறப் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு பிரம்புக் கட்டையும் தண்ணீருக்குள் விடுவதற்கு முன்னால் என்னைப் பார்த்து ஒரே கேள்வி:

"இது யாரு ஏறுற லாரிக்கு?"